ஆங்கியான் ஏரியில் ஆறு பேரின் கோட்

போன கிழமை பாரிஸில் இரண்டு விரற்கடை பனி விழுந்தது. உடனே என் மருமக்கள் மூன்று பேர், பனியில் பறவைப் படம் எடுக்க எங்கே போகலாம் என்று கேட்டுவிட்டார்கள். அவர்கள் பிரெஞ்சில் கேட்டதற்கு நான் தமிழில், உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். இந்த விடயத்தில் ஐரோப்பாக் கண்டத்தின் முதல் நிபுணர் நான்தான். மொத்த அனுபவம் இரண்டு காலை.

முதற் காலை 1985 தை மாதத்தில் ஒரு ஞாயிறு. சுழியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை. மூக்கு என்னோடுதான் வருகிறதா என்று இடைக்கிடை தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர்.

அப்போது பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் ஐந்தாம் மாடி அறை ஒன்றில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல கோட். சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே வரும். தோள்கள் இரண்டும் உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் நிமிர்ந்தே நிற்கும். வதிவிட அனுமதி தரும் ப்ரெபெக்சரில் யாருக்கு ரொந்தேவூ, அதாவது சந்திப்பு நாளோ, கோட் அவருக்கு. ஊருக்குப் படம் எடுத்து அனுப்புகிறவருக்கு அடுத்த உரிமை. இதனால் ஊரில் நாலு வீட்டுச் சுவரில் நாலு மகன்மார் ஒரே கோட்டோடு நின்றார்கள். அந்தப் படங்களை எடுத்த மகா கலைஞன் நான். என்னிடம் அம்மிக்கல் எடையில் ஒரு ரஷ்யக் கமரா இருந்தது.

ஐந்தாவது சூசையின் முறை. சூசை மன்னார்க்காரன், என்னைவிட நாலு வயது இளையவன், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். பாரிஸில் எங்கள் பெடியள் மெத்ரோ வாசலில் படுக்கிறார்கள் என்று யாரோ அவனுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். மகனுடைய படத்தைக் கண்ணால் காணும் வரைக்கும் ஒரு நேரச் சாப்பாடுதான் என்று அவர் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். இதைச் சொன்ன கடிதம் வந்துசேரவே ஒரு மாதம். அதாவது ஒரு மாதமாக அந்த மனுசி அரைப் பட்டினி. வியாழக்கிழமை ஒரு கன்னியாஸ்திரி கொழும்புக்குப் பறக்கிறார், படத்தைக் கையோடு கொண்டுபோய் மன்னாரில் சேர்ப்பிப்பார் என்று ஏற்பாடு. அந்த ஞாயிறு காலை கோட்டும் சும்மா இருந்தது.

அறைக்குள்ளேயே எடுத்திருக்கலாம். ஆனால் எனக்குப் பறவைப் பைத்தியம். "பின்னாலை ஏரியும் அன்னமும் நிண்டால் அம்மா மூண்டு நேரமில்லை, அஞ்சு நேரம் சாப்பிடுவா" என்று அவனை மடக்கிவிட்டேன்.

வழி சுலபம். லா ஷப்பலில் இருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. 8:06 ரயில். பன்னிரண்டு கிலோமீற்றர், கால் மணி நேரம். அந்தக் காலத்தில் போக வர ஆளுக்குப் பன்னிரண்டு பிராங். ஆங்கியானில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஏரி. தை மாதத்தில் ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் வெயில் முகம் காட்டும், ஆகவே அதற்கு முந்திப் போய்ப் பயனில்லை.

ஏரி உறைந்து வெள்ளைப் பாயாகக் கிடந்தது. கரையோரம் ஒரு முற்றமளவு மட்டும் தண்ணீர். அதற்குள் உலகத்துப் பறவை எல்லாம் மாநாடு கூடியிருந்தன. நெற்றியில் வெள்ளை பூசிய நாமக்கோழிகள், கடற்காகங்கள், தாராக்கள், ஏழு அன்னங்கள். ஒரு சாம்பல் நாரை ஒற்றைக் காலில் நின்றது. மற்றக் காலை வீட்டில் சூடாக வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

சூசை சுற்றிப் பார்த்தான். "இதுவோ ஏரி? எங்கடை கட்டுக்கரைக் குளத்திலை ஒரு மூலைக்குக் காணாது, அண்ணை."

"குளத்தை விடு. கோட்டைப் பூட்டிக்கொண்டு மந்திரி மாதிரி நில்."

சூரியன் ஏரிக்கு மேலே செம்மஞ்சளாக எழும்பியது. அதைப் பின்னால் வைத்து ஆறு படம் எடுத்தேன். பிறகு முப்பது படம் மிச்சம் இருக்க, என் விரல்கள் விறைத்துவிட்டன. ஐந்து நிமிடத்துக்கு அந்தக் கோட்டைத் தரச் சொன்னேன். சூசை கழற்றித் தந்தான். அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் நீடித்தது.

நான் கரை வளைவில் சூசைக்கு மறுபக்கம் போய், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு அன்னங்களைப் படம் பிடித்தேன். அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்றார்கள். இது என் கையுறையையும் கையையும் பிரித்தது. சூசை வெறும் பின்னல் சட்டையோடு குந்தியிருந்து, உணவகத்தில் மிஞ்சிய காய்ந்த பாணைப் பிய்த்து எறிந்தான். கடற்காகங்கள் அவன் தலையைச் சுற்றின. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"டேய், அங்காலை தள்ளு. படம் பழுதாகுது."

"அது உங்களைக் கொத்தினதுக்குத்தான் சிரிக்கிறன், அண்ணை."

அதற்குள் விரல் கமராவை அமுக்கிவிட்டது. ஒரு படம் வீண் என்று அவனை வழிநெடுகத் திட்டினேன்.

புதன் மாலை படங்கள் கழுவி வந்தன. அன்னம் அற்புதம், நாரை அற்புதம். சூசையின் ஆறு படத்திலும் கோட்டின் உருவம் ஒரு நூல் விடாமல் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கரித்துண்டு. பின்னால் சூரியன், சுற்றிலும் பனி. கமராவின் ஒளிமானி ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிட்டது.

சூசை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "கோட்டை அனுப்பலாம், அண்ணை. என்னை அனுப்பேலாது."

விடிந்தால் கன்னியாஸ்திரி போய்விடுவார். முகம் தெரிந்தது நான் திட்டிய அந்த ஒரே படத்தில்தான். ஆனால் அதில் கோட் இல்லை, தேய்ந்து நூல் உரிந்த பின்னல் சட்டை. வசதியாக இருக்கிறான் என்று காட்டப் போய், குளிரில் குந்தியிருப்பதைக் காட்டப் போகிறோம். சூசை ஆறு கரித்துண்டையும் ஒரு பக்கம் தள்ளினான். கடைசியில் அதைத்தான் உறைக்குள் வைத்தான்.

பங்குனியில் பதில் வந்தது. சூசை எனக்கு வாசித்துக் காட்டினான். "மகன், படம் கிடைச்சுது. மூண்டு நேரமும் சாப்பிடுறன். உன்ரை காலடியிலை பனிக்கு மேலை ஒரு ஆளின்ரை நிழல் கிடக்கு. அந்த நிழல் பெரிய கோட் போட்டிருக்கு. படம் எடுத்த தம்பியிட்டைச் சொல்லு, என்ரை பிள்ளைக்கும் குளிரும் எண்டு."

ஐரோப்பாவின் முதல் நிபுணர் அன்றிரவே தன் பிராங்குகளை எண்ணினார். அடுத்த சனி பழஞ்சந்தைக்குப் போய் ஒரு கறுப்புக் கோட் வாங்கிவந்து சூசையின் ஆணியில் கொழுவினேன்.

போகிறவர்களுக்கு என் அறிவுரை: வெயில் உங்கள் முதுகில் இருக்கட்டும். முன்னால் இருந்தால், வெண்பனியை நம்பாமல் கமராவின் ஒளித் துவாரத்தை ஒன்றரைப் படி கூடுதலாகத் திறவுங்கள். உங்கள் நிழலையும் பாருங்கள். கோட் ஆளுக்கு ஒன்று. அன்னத்துக்குக் கிட்டப் போகாதீர்கள்.

இரண்டாவது காலை அடுத்த வருடம், மாசிப் பனியில். சூசையும் நானும் ஆளுக்கொரு கோட்டோடு ஏரிக்கரையில் நின்றோம். நாய் கூட்டி வந்த ஒரு பிரெஞ்சு மனுசியிடம் கமராவைக் கொடுத்தோம். சூரியன் எங்களுக்குப் பின்னால் இருந்ததை நிபுணர் கவனிக்கவில்லை. இரண்டு கரித்துண்டு. கிடந்ததை அப்படியே மன்னாருக்கு அனுப்பினோம்.

சூசையின் அம்மா ஒற்றை வரிதான் எழுதியிருந்தார்: "முகம் ஒண்டும் தெரியேல்லை, ரெண்டு கோட் தெரியுது, எனக்கு அது காணும்."