அக்கா வீட்டுக்குப் பின்னால் மலை

நெய்வேலி நகரியத்தில் வெகுகாலம் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்தியானத்தில் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். தரை லேசாக அதிரும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். விருந்தாளிகள் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். நாங்கள் தலையைக்கூடத் தூக்க மாட்டோம். கை மட்டும் தானாக நீண்டு பக்கத்திலிருக்கும் டம்ளரைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் பெருமையாகவே சொல்லித் திரிந்திருக்கிறேன்.

என் கணவருக்கு வருகிற சித்திரையோடு சர்வீஸ் முடிகிறது. முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கொய்யாவும் கறிவேப்பிலையும் வைத்து வளர்த்த வீடு ஒருநாள்கூட எங்களுடையதாக இருந்ததில்லை என்பது இந்த வயதில்தான் உறைக்கிறது. அடுத்து எங்கே போவது என்று பேச்செடுத்தாலே சண்டையில் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள்.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீடு காலியாகிவிட்டது, பேசாமல் நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான் என்றாள். அவள் இவ்வளவு ஆசையாகப் பேசிக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. எனக்கு உடனே மூட்டை கட்டலாம் போலிருந்தது.

ஐப்பசியில் இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு போனோம். விருத்தாசலம், கள்ளக்குறிச்சி என்று பஸ் மாறி இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. ஒரே தெரு. தெருக்கோடியில் அக்கா வீடு, அதை ஒட்டி அந்தக் காலி வீடு. மலையின் காலை நறுக்கிச் சமன் செய்து அந்த இரண்டு வீட்டையும் கட்டியிருந்தார்கள். பின்கதவைத் திறந்தால் செங்குத்தாக மண். அதற்கு மேலே சரிவு முழுக்கப் பூ. ஆவாரை மஞ்சளாக, தும்பை வெள்ளையாக, நடுவில் ஒரு வரிசை காசித்தும்பை ரோஜா நிறத்தில், யாரோ கயிறு பிடித்து விதைத்த மாதிரி நேராக ஓடியது. இங்கேதான் சாகும்வரை இருக்கப்போகிறேன் என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு. காசித்தும்பை அப்படி நேராக ஏன் முளைத்திருக்கிறது தெரியுமா என்று கேட்டார். அடியில் நீளமாக ஒரு விரிசல் ஓடுகிறதாம். தண்ணீர் அதில் தங்குகிறது, அதனால்தான் அந்தக் கோட்டில் மட்டும் அத்தனை செழிப்பு.

சுரங்கத்தில் அவர் வேலை பார்ப்பது மேல்மண் வெட்டும் பகுதியில். மழைக்காலத்தில் விளிம்பில் விரிசல் கண்டால் இரண்டு பக்கமும் முளை அடித்து, ஷிஃப்டுக்கு ஒரு தடவை நடுவிலுள்ள இடைவெளியை அளப்பார்கள். அன்றைக்கும் இரண்டு குச்சியை நட்டுவிட்டு வந்திருந்தார். சரியாக ஒரு சாண் இடைவெளி. எனக்கு எரிச்சலாக வந்தது. பூவைப் பார் என்றால் அதன் அடியில் ஓட்டையைப் பார்க்கிற மனுஷனோடு எங்கே போய்ச் சுற்றிப் பார்ப்பது!

இரவு நல்ல மழை. விடிந்ததும் மேலே போய் வந்தார். ஒரு சாணும் இரண்டு விரலும் என்றார். அக்கா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் நேராகவே சொன்னார். இந்தச் சரிவு நகர்கிறது, மழை வலுத்தால் வீட்டின் மேலேயே வந்து இறங்கும், நாங்கள் இங்கே வரப்போவதில்லை, நீங்களும் இன்றைக்கே எங்களோடு கிளம்புங்கள். அவருக்குப் பூசி மெழுகிப் பேச வராது.

அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"வர இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. என் வூட்டு மேல ஏன் பழி போடுறீங்க? உங்களுக்கே அடுத்த வருஷம் வூடு இல்ல. என்னை எங்க கூட்டிக்கினு போயி வெப்பீங்க?"

அத்தோடு நான் சும்மா இருந்தேனா? அவர் பக்கம் திரும்பி, எங்கே போனாலும் உங்களுக்குச் சுரங்கம்தானா, வந்த இடத்தில் மங்கலமாக நாலு வார்த்தை பேசத் தெரியாதா என்று அக்கா எதிரிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா எனக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். ஜெயித்த மாதிரி இருந்தது.

மத்தியானம் நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று பின்பக்கமிருந்து கனமாக ஒரு சத்தம். தரை அதிர்ந்தது, தட்டுகள் குலுங்கின. என் கை தானாக நீண்டு டம்ளரைப் பிடித்துக்கொண்டது. அக்கா வெலவெலத்துப்போய் எழுந்துவிட்டாள், ஒரு கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"ஒண்ணும் இல்லக்கா, உக்காரு. வெடி வைக்கிறாங்க. எங்க ஊர்ல தினம் இதுதான். டம்ளரப் புடிச்சிக்கிட்டா போதும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் நிதானம் அவளுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இங்கே ஏது சுரங்கம்? யார் வெடி வைப்பது? உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில்தான் அவரோடு மல்லுக்கட்டியிருந்தேன், மத்தியானத்துக்குள் அவர் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள்ள என் வீம்பு விடவில்லை. மறைக்க ஒன்றுமில்லை, அதுதான் காரணம்.

கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். சரிவில் ஒரு பாறை உருண்டு பின்சுவருக்கு நாலடி தள்ளி விழுந்து கிடந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மலையில் எங்கேயோ பாறைக்கு வெடி வைத்தால் கல் உருளத்தான் செய்யும் என்றாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அக்காவைக் கெஞ்சிப் பார்த்தார். கிராம அலுவலரையும் கூட்டிவந்து காட்டினார். மழை வலுத்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கச் சொல்லிவிட்டு அந்த ஆள் போனார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கு ஒரு கொத்து காசித்தும்பையைப் பிடுங்கிக் கொடுத்தாள், அந்த வரிசையிலிருந்தே.

பஸ்ஸில் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். அது வெடி இல்லை, நான் தெரியாமல் உளறிவிட்டேன், மலைதான் நகர்கிறது, கிளம்பி வா, குவார்ட்டர்ஸ் போனால் வாடகை வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரித்தாள். தம்பி சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டாள். அதற்கப்புறம் தினமும் போன் செய்கிறேன், தினமும் இதையே சொல்கிறேன். முதலில் சொன்னதுதான் அவள் மனதில் நிற்கிறது. பயந்துகொண்டு தனியாக இருப்பவளுக்கு நான் கொடுத்துவிட்டு வந்த ஒரே ஆறுதல் அதுதான். அதை என்னிடமே திருப்பித் தர அவளுக்கு மனமில்லை.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். குரலில் ஒரு பெருமை.

"மத்தியானம் பின்னால பெரிய சத்தம்டி. வூடே ஆடுச்சு. தெருவுல இருக்கிறவங்கள்லாம் அலறிக்கினு ரோட்டுக்கு ஓடுறாங்க. நான் எழுந்திரிக்கவே இல்ல. நீ சொன்ன மாதிரியே டம்ளரப் புடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தேன்."