வாத்துகளுக்கு எதிராக ஆஷ்லின்

தஞ்சாவூரில் தையல்கடை வைத்திருக்கும் ஆண்டனியின் மகள் ஆஷ்லினுக்கு வாயைத் திறந்தால் சட்டம்தான் வரும். சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் அவளை மடக்க ஆளில்லை. இறுதியாண்டில், கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்லூரி நடத்திய சட்ட உதவி முகாமுக்கும் கறுப்புக் கோட்டோடு போய்ச் சமுதாயக்கூடப் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தாள்.

முதல் கட்சிக்காரர் வைரக்கண்ணு. சம்பா விதைத்த அவர் வயலில் பக்கத்து ஊர் ராஜாங்கத்தின் வாத்துக் கூட்டம் இறங்கி, விதைநெல்லைப் பொறுக்கித் தின்றுவிட்டது. கோபத்தில் அவர் நாலைந்து வாத்துகளைப் பிடித்துக் கொட்டகையில் அடைத்துவிட்டார்.

அவர் பேசி முடிக்குமுன்பே ஆஷ்லின் சட்டத்தைப் புரட்டினாள். பயிரில் மேயும் கால்நடைகளுக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. அதில் யானை இருந்தது, ஒட்டகம் இருந்தது, கழுதைகூட இருந்தது. வாத்து இல்லை. அவள் அசரவில்லை. அத்துமீறல், அலட்சியம், மன உளைச்சல் என்று பக்கம் பக்கமாக நோட்டீஸ் எழுதி, முகாமின் பொறுப்பு வக்கீல் லின்சியிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.

"வயலைப் பாத்தியா?" என்றார் லின்சி.

பார்க்கவில்லை. போய்ப் பார்த்து, வைரக்கண்ணு வீட்டிலேயே மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுத் திரும்பினால், முகாமில் ராஜாங்கம் உட்கார்ந்திருந்தார்.

"வைரக்கண்ணுக்கு நீங்கதான் எழுதுறீங்களாம். எனக்கும் ஒரு பதில் எழுதிக் குடுத்துடுங்க. விஷயம்தான் உங்களுக்குத் தெரியுமே."

"நான் அவர் பக்கங்க. உங்ககிட்ட பேசவே கூடாது."

"டாக்டரு ரெண்டு பேருக்கும் ஊசி போடுறாருல்ல?"

வேறு வக்கீலைப் பாருங்கள் என்று விறைப்பாகச் சொல்லி அனுப்பினாள். அவர் முகம் தொங்கிப்போய் இறங்கினார். சற்று நேரத்தில் முகாமுக்கு வந்த வைரக்கண்ணுவிடம் பெருமையோடு அதைச் சொன்னால், அவர் கொதித்துவிட்டார்.

"ஏம்மா, வெயில்ல வந்த மனுசன ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காம அனுப்புவாங்களா?"

ஆஷ்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டாள்.

"உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"திரும்ப விதைக்க நெல்லு வேணும். அவன் என் வயலு வரைக்கும் வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். அப்புறம் அந்த வாத்தைக் கூட்டிட்டுப் போயிடணும்மா. கத்துற கத்துல காது போச்சு."

அவர் சம்மதத்தோடு லின்சி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு எல்லோரும் வைரக்கண்ணுவின் வயலுக்குப் போனார்கள். ராஜாங்கம் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். விதைநெல் தருவதாக ஒப்புக்கொண்டார். எல்லாம் முடிந்த நேரத்தில் சந்தேகம் கேட்டார்.

"அடைச்சு வச்சிருந்தப்ப போட்ட முட்டையெல்லாம்?"

வைரக்கண்ணு தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சொத்துரிமை பற்றிப் பேசத் தொண்டையைச் செருமினாள். வைரக்கண்ணுவின் மனைவி கண்ணாத்தாள் குறுக்கே வந்தார்.

"மத்தியானம் நீங்க ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அந்தக் குழம்புதாம்மா."

ராஜாங்கம்தான் முதலில் சிரித்தார். "அப்ப எனக்கும் நீங்க வக்கீலுதான். என் வீட்டு முட்டையத் தின்னாச்சுல்ல!"

அன்று மாலை அப்பா போன் செய்து, "ஜெயிச்சியாடி?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. ரெண்டு பேரும் ஒரே வண்டில போனாங்க," என்றாள். முகாம் வாசலில் அடுத்த கட்சிக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, அவருக்கு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டாள்.