பத்து நிமிடம் முந்திய வாக்கு

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியும் பிரவுசிங் சென்டர் நடத்தினோம். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு. ஒருவர் படம் போட்ட பக்கத்தைத் திறந்தால் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் பழைய கணினி ஒன்றை பிராக்ஸி சர்வராக்கி மேசைக்கடியில் வைத்தேன். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால், அது வெளியூர் சர்வரிடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன்னிடமும் ஒரு நகலை வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் நகலை உடனே நீட்டிவிடும். கடை பறந்தது.

எந்த நகலும் பத்து நிமிடம் இருக்கலாம் என்று அமைத்திருந்தேன். கிரிக்கெட் ஸ்கோரும் அதில் அடக்கம் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. அவளுடைய கவுண்டர் கணினி மட்டும் பிராக்ஸியிடம் போகாமல் நேராக வெளியே போகும்; மற்றவர்களுக்குப் பழைய ஸ்கோர், அவளுக்குப் புது ஸ்கோர்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருவர் மேட்ச் நாட்களில் தவறாமல் வருவார். ஒருநாள் இவள் மௌஸைத் துடைத்துக்கொண்டே, "இந்த ஜோடி நிக்காதுண்ணா" என்றாள். சற்று நேரத்தில் அவர் திரையில் விக்கெட் விழுந்தது.

"இப்ப ஒரு சிக்ஸர் வரும்னு தோணுது."

வந்தது. அவர் நாற்காலியோடு திரும்பினார். "உன் வாயில என்னமோ இருக்குதும்மா. நம்ம ஆளுங்க ஆடும்போது மட்டும் பேசாத."

நான் ஒயரைப் பார்ப்பதுபோல் மேசைக்கடியில் குனிந்து சிரித்தேன்.

அடுத்த வாரம் அவர் மேட்ச் இல்லாத நாளில் வந்தார். "மூட்டையெல்லாம் களத்துல கெடக்குது. நாளைக்கு மழ வருமா, சொல்லும்மா."

இவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. "எனக்கு ஸ்கோர் மட்டும்தாண்ணா தெரியும்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப எனக்குப் பழைய சோத்தப் போட்டுகினு, புதுச் சோத்துக்குக் காசு வாங்கிகினு இருந்தீங்க."

இப்போதே மாற்றிவிடுகிறேன் என்றேன். மாறாத படங்களை நம் பிராக்ஸி கொடுக்கட்டும், ஸ்கோர் மட்டும் ஒவ்வொரு முறையும் வெளியூர் சர்வரிடமிருந்து புதிதாக வரட்டும் என்று விளக்கினேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "இருப்பா. இந்த ஞாயித்துக்கெழம மேட்ச் முடியட்டும். எங்க அண்ணன இட்டுகினு வர்றேன்."

மண்டியில் தம்பியைப் பேசவே விடாத அண்ணன் அவர். மூலைக் கணினியில் உட்கார வைத்தோம். தம்பி கவுண்டரில் சாய்ந்துகொண்டு, இவள் திரையை ஓரக்கண்ணால் பார்த்து, "ஒருத்தன் போவான்" என்றார். போனான். மறுபடியும் சொன்னார். மறுபடியும் போனான். அண்ணன் எழுந்து, தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெளியே நடந்தார்.

அன்று மாலையே மாற்றினேன். படங்கள் எங்களிடமே இருந்ததால் பக்கம் முன்போலவே சட்டென்று திறந்தது, ஸ்கோரும் அந்தந்த நேரத்து ஸ்கோராக வந்தது.

சில வாரம் கழித்து மண்டிக்காரர் வந்தார். இப்போதெல்லாம் அண்ணன் அவரைக் கேட்காமல் லோடு எடுப்பதில்லையாம்.

"அவரு கேட்டா என்னண்ணா சொல்றீங்க?" என்றாள் இவள்.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறேன். அப்பறம் வழக்கமா என்ன தோணுமோ அதத்தான் சொல்றேன். இப்பதான் காது குடுத்துக் கேக்கறாரு."