தள்ளி வைத்த பேணி

எண்பதுகளில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். நானும் இன்னொருவரும் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள்; மற்ற மூவரும் சைவக்காரர். மாதா படமும் முருகன் படமும் ஒரே ஆணியில் தொங்கின. ஊரில் இல்லாத ஒற்றுமை இங்கே வந்துவிட்டது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு, என்னோடு உணவகத்தில் பாத்திரம் கழுவும் நண்பன் சாப்பிட வந்தான். நோர்வேக்காரன் என்றால் அவனுக்குக் கோபம் வரும். அந்நாட்டின் வடகோடியில் பனிமான் மேய்க்கும் சாமி இனம் அவனுடையது.

அவன் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அவனுடைய முன்னோர் மேளம் தட்டித்தான் தெய்வங்களோடு பேசினார்களாம். தெற்கிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவர்கள் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்தார்கள். பாதிரிமார் மேளங்களைப் பிசாசின் சாமான் என்று பறித்து எரித்தார்கள். முன்னோர் ஒருவர் தன் மேளத்தைப் பாறை இடுக்கில் ஒளித்திருக்கிறார். பக்கத்துக் குடியேற்றக்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான்.

"அடுத்தவன்ரை சாமானை எரிக்க இவங்கள் ஆர்? மனிசரே இவங்கள்!" என்று எங்களில் மூத்த அண்ணை கொதித்தார். வேதக்காரனான எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உங்களிடம் மேளம் இல்லையா?" என்று நண்பன் கேட்டான். எங்கள் அறையில் சமையல் செய்கிறவன் அதிகம் பேசமாட்டான். அவன் சோற்றுச் சட்டியை எடுத்து மடியில் கவிழ்த்துத் தட்டத் தொடங்கினான். வெளியே மேலால் போகிற மெட்ரோவின் சத்தம்கூடக் கேட்கவில்லை. நண்பன் கண்ணை மூடிக் கேட்டான்.

அது சாவீட்டுப் பறையின் அடி. கேட்டுப் பழகியவன் அடிக்கிற அடி இல்லை, பரம்பரையாகக் கையில் இருக்கிற அடி. இத்தனை நாள் அவன் சொல்லாத சாதி எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவன் நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தான். கை நின்றுவிட்டது.

ஏன் நிறுத்தினான் என்று நண்பன் கேட்டான். களைத்துப்போனான் என்று பிரெஞ்சில் சொன்னேன். அந்தளவு பிரெஞ்சு சமையல்காரனுக்கும் தெரியும்.

மறுநாள் காலை நான்தான் தேநீர் ஊற்றினேன். வழக்கமாக ஐந்து பேணிகளையும் ஒரே தட்டில் வைப்பேன். அன்று நாலைத் தட்டில் வைத்து, ஒன்றை ஜன்னலோரம் தள்ளி வைத்தேன். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை. என் கைக்கும் பரம்பரைப் பழக்கம் இருந்திருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"எனக்கு வேண்டாம் அண்ணை," என்றான் அவன். பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அவனுடைய பெட்டி இல்லை. நகருக்கு வெளியே சார்செலில் இருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போய் வந்த நண்பன், உலர்ந்த பனிமான் இறைச்சி ஒரு பொதி கொண்டுவந்தான். "மேளக்காரனுக்கு" என்று என் கையில் தந்தான். சார்செல் ரயிலில் கொஞ்ச நேரம்தான். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அதைக் கறியாக்கி நாங்கள் நாலு பேரும் தின்றோம்.

அடுத்த நாள் பாத்திரம் கழுவும்போது, அவனுக்குப் பிடித்ததா என்று நண்பன் கேட்டான். நன்றாகப் பிடித்தது என்று சொன்னேன்.