மூடிக்கொள்ளப் பார்த்த துளை

மலேசியாவின் பொந்தியான் ஊரில், ஒரு டயர் கடையில் லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறவர் கனகராஜ். அப்பேர்ப்பட்ட மனிதர், மகளின் வயிற்றில் டாக்டர்கள் போட்ட துளையை முதன்முதலாகப் பார்த்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். மனைவி கஸ்தூரி அதை இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

லோஷினிக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே உடம்பு சொன்னபடி கேட்காது, விழுங்கவும் வராது. வாயில் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் வயிற்றில் துளையிட்டு நேராக இரைப்பைக்கு ஒரு குழாய். கஸ்தூரிக்கு ஃபேக்டரியில் காலை ஷிப்ட், அவருக்குக் கடை மதியத்துக்கு மேல் என்பதால் மதியம் வரை கனகராஜ்தான் பொறுப்பு. வெதுவெதுப்பான நீரும் சோப்பும் தொட்டுத் துளையைச் சுற்றித் துடைப்பார். ஈரம் போக ஒற்றியெடுப்பார். கிரீஸ் ஏறிய அந்த விரல்களுக்கு இவ்வளவு பதமா என்று பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

ஆனால் மனிதருக்குக் கொஞ்சம் சொந்த மூளையும் உண்டு. தொங்குகிற குழாயைப் பிளாஸ்டரால் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். தோல் சிவக்கிறதே என்று அவர் அதைப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் செருகிவைத்தார். கச்சிதமாக நின்றது. நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

போன மாதம்தான் லோஷினி புரளக் கற்றுக்கொண்டிருந்தாள். அன்று பதினோரு மணிப் பால் முடிந்து அவள் தூங்க, பக்கத்தில் அவரும் கண்ணயர்ந்தார். விழித்தபோது பன்னிரண்டரை. பிள்ளை குப்புறக் கிடந்தாள். பாய் ஈரம். அரைஞாண் கயிறு முறுக்கி இழுத்ததில் குழாய் வெளியே கிடந்தது. இரைப்பைக்குள் அதைப் பிடித்து நிறுத்தியிருந்த, குழாய் நுனியின் நீர் பலூன் உடைந்திருந்தது.

குனிந்து துளையைப் பார்த்தார். காலையில் மிளகளவு இருந்தது, இப்போது கடுகளவு. அடைத்துக்கொண்டால் மறுபடி மயக்க ஊசி, மறுபடி ஆபரேஷன். போன தடவை மயக்கத்திலிருந்து அவள் மீள இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரித் தாதி ஜொஹராவுக்குப் போன் போட்டார்.

“மிஸி, டியூப் வெளிய வந்துருச்சு. ஓட்டை சுருங்குது.”

“பதறாதீங்க அண்ணே. அவசரத்துக்குன்னு சின்ன சைஸ் டியூப் ஒண்ணு கொடுத்தேன்ல, ஜெல் தடவி மெதுவா விடுங்க, நான் காட்டின மாதிரி. அழுத்தாதீங்க. போகலன்னா விட்டுட்டு நேரா வந்துருங்க.”

சின்னக் குழாயில் ஜெல் தடவித் துளையில் வைத்தார். நுனி முட்டி நின்றது. லோஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு விட்டு, லேசாகத் திருப்பினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்படியே ஒட்டி, பால் எதுவும் கொடுக்காமல், பிள்ளையைக் காரில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு அரைஞாண் கயிற்றுச் சங்கதியை ஒப்புக்கொண்டார். ஜொஹரா திட்டவில்லை, பிளாஸ்டரை மட்டும் கையில் திணித்தாள்.

“எப்படி மிஸி அவ்ளோ சீக்கிரம் மூடுது? இவளுக்குத் தலையே சரியா நிக்காது.”

“நாமதான் அத ஓட்டைன்னு வச்சிருக்கோம் அண்ணே. அவ உடம்புக்கு அது காயம் லா. காயம்னா ஆத்தணும், அவ்ளோதான்.”

வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தார். எதுவும் செய்யத் தெரியாத உடம்பு என்று நான்கு வருடமாக எல்லாரும் சொன்னார்கள், அவரும் நம்பியிருந்தார். அந்த உடம்பு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அப்பன் தூங்கிய நேரத்தில் அத்தனை வேகமாக வேலை செய்திருக்கிறது. நினைக்க நினைக்க அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கஸ்தூரி வாசலிலேயே ஓடிவந்தாள். “ஏங்க, பிள்ளைக்கு என்னாச்சு?”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல கஸ்து,” என்றார். “அவ தன்னத்தானே சரிபண்ணிக்கப் பார்த்தா. நான்தான் விடல.”