தாமல் ஓட்டமும் தறித் தும்மலும்

விரல்கள் ஊசிமுனையால் குறுக்கே ஓடும் ஊடை இழையைத் தூக்கி, அறுந்துவிடாமல் உருவிக்கொண்டிருந்தன. சேலையின் அரக்குக் கரையும் மஞ்சள் உடலும் கோத்துக்கொள்ளும் இடத்தில் ஓர் இழை தப்பியிருந்தது. அதைப் பிரிக்காமல் மேலே நெய்ய முடியாது. தப்பக் காரணம் ஒரு தும்மல்.

தும்மியவன் பிள்ளையார்பாளையத்து நெசவாளி தணிகாசலம். பிரித்தவள் அவன் மனைவி ரேணுகாம்பாள். கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவன் நடுவில் உட்கார்ந்து மிதிப்பான். அவள் வலப்பக்கமிருந்து கரை இழை சுற்றிய நாடாவை எறிவாள். அவன் தும்மினால் கால் மிதியை விட்டு நழுவும். பிரிக்கிற வேலை அவளுக்கு.

பிரிக்கிற கைக்கு எதுவும் மறக்காது. மழைக்குத் தறியை நிறுத்திச் சும்மா கிடந்த வாரங்களில் அவனுக்குச் சளி பிடித்தது. நாள் முழுக்க மிதித்த வாரங்களில் பிடிக்கவில்லை. மாலையில் சடுகுடு ஆடினாலும் பிடிக்கவில்லை. சாலை ஓட்டப் பந்தயத்துக்கென்று தாமல் ஏரிக்கரை வரை மூச்சு முட்ட ஓடித் திரும்பினால் மட்டும், அன்றைக்கு ராஜா மாதிரி இருப்பான். ஓரிரு நாளில் மூக்கு ஒழுகும்.

ஓடுகிற உடம்பை நோய் அண்டாது என்பது அவன் கட்சி. சைக்கிளில் கூடவே போய் அவனை விரட்டும் பக்கத்து வீட்டுப் பழனியும் அதற்கு ஆமாம் போட்டான்.

"இருக்கிற தெம்பையெல்லாம் காலுக்கு அனுப்பிட்டா, மூக்குல யாரு காவல் நிக்கிறது?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள்.

"மூக்குக்கு இன்னாத்துக்கு அண்ணி காவல்? மூக்குத்தியா போட்டுக்கினு இருக்கான்?" என்றான் பழனி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சேலை சின்ன காஞ்சிபுரத்து வத்ஸலாவின் கல்யாணத்துக்கு. வத்ஸலாவின் அத்தை ரமாமணி சகுனம் பார்ப்பவர். வத்ஸலாவின் அக்கா கல்யாணத்தின்போது சேலை வாங்க அவர் கை நீட்டிய நேரத்தில் தணிகாசலம் ஒற்றைத் தும்மல் போட்டான். நீட்டிய கை திரும்பிவிட்டது. வேறு தறிச் சேலை மணையேறியது. இன்னொரு முறை அப்படி ஆனால் இந்த வாசலையே மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதற்கு ஆர்டர் கொடுத்திருந்தார்.

சேலையைக் கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. பந்தயம் அதற்கடுத்த வாரம். வெள்ளி வரைக்கும் ஐயம்பேட்டைப் பக்கம் மெல்லோட்டம் மட்டும் என்று கணவனிடம் சத்தியம் வாங்கினாள். புதன்கிழமை அவர்கள் திரும்பியபோது பழனியின் சைக்கிள் சக்கரத்தில் ஈர மண் அப்பியிருந்தது.

"ஐயம்பேட்டையில எப்போ ஏரி வெட்டினாங்க?" என்றாள்.

இருவரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். அவள் திட்டவில்லை. பொடி போடும் பழக்கமுள்ள பழனியிடம் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கேட்டாள். எதற்கென்று புரியாமல் அவனும் கொடுத்தான். அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரமாமணி வந்தார். வெற்றிலை, பூ வைத்த தட்டில் சேலை இருந்தது. தணிகாசலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தறிக்குப் பின்னால் நின்றான். ரமாமணி கை நீட்டினார். பிடி நழுவித் தும்மல் வெடித்தது. நீட்டிய கை அப்படியே நின்றது.

ரேணுகாம்பாள் தோள்பக்கம் திரும்பி முந்தானையை மோந்தாள். அடுத்த தும்மலில் வீடே அதிர்ந்தது.

"ரெட்டைத் தும்மல் மாமி, நல்ல சகுனம்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ரெட்டைன்னா ஒருத்தரே தும்மணும்டி. இது ஆளுக்கு ஒண்ணுன்னா!"

"சேலையும் அப்படித்தான் மாமி. அவரு பாதி, நான் பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒண்ணு."

ரமாமணி குனிந்து, கரையும் உடலும் சேரும் கோட்டில் கட்டைவிரலை ஓட்டினார். எங்கும் தட்டவில்லை. நிமிரும்போது ரேணுகாம்பாளின் முந்தானைப் பக்கம் மூக்கைச் சுளித்தார்.

"எங்காத்துலயும் பொடி போடறவா இருக்காடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ரேணுகாம்பாள் சேலையை அந்தக் கைகளில் வைத்தாள்.