கரடியாக மாறிய அகதி

எண்பதுகளின் நடுவில், ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் எனக்குக் கொம்பியூட்டர் கம்பனியில் வேலை என்று யாழ்ப்பாணத்தில் பேச்சு. பொய் இல்லை. அந்தக் கம்பனியின் தரையும் கழிப்பறைகளும் என் பொறுப்பில்தான் இருந்தன. அகதி மனு நிலுவையில் கிடந்ததால் எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அனுமதி வைத்திருந்த அறைத்தோழர் அண்ணையின் பெயரில் துடைத்தேன்.

அது வீடியோ விளையாட்டு விற்கும் ஜப்பானியக் கம்பனியின் கிளை. காலை ஆறு மணிக்கே ஒரு ஜப்பானியர் வந்து உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டிக்கொண்டிருப்பார். அவர் உருவாக்கிய முதல் விளையாட்டு ஜப்பானில் சக்கைபோடு போட்டதாம். அதற்குப் பரிசாக, ஐரோப்பியரின் ரசனையை அறிந்து வா என்று இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள். விளையாட்டில் அவர் பெயர் வராது. தெரிந்தால் போட்டிக் கம்பனி கொத்திக்கொண்டு போய்விடும் என்று முதலாளிகளுக்குப் பயம். ஆக, அந்தக் கட்டடத்தில் சொந்தப் பெயர் இல்லாமல் உழைத்தவர்கள் இருவர்.

கிளையில் இருந்த ஜெர்மானியர்கள் விளையாட்டுகளை விற்பார்கள்; விளையாட மாட்டார்கள். எனவே அவருக்குக் கிடைத்த ஐரோப்பியன் நான்தான். ஒருநாள் என் துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு விளையாடச் சொன்னார். முதல் குழியிலேயே விழுந்து செத்தேன். மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.

இருவருக்கும் அரைகுறை ஜெர்மன். அதனாலேயே நன்றாகப் புரிந்தது.

"குழிக்குப் பயமா?"

"இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத்தான் பயம்."

"அங்கே என்ன பூதம்?"

சொன்னேன். ஒரு கதவைத் தட்டினால் இன்னொரு கதவுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு தாள் குறையும். அதை எடுத்து வருவதற்குள் முதல் தாள் காலாவதியாகிவிடும். அவருடைய கண்கள் மின்னின. என் துயரத்துக்கு இப்படி ஒரு ரசிகரை அதுவரை நான் கண்டதில்லை.

சில மாதங்களில் அவருடைய புது விளையாட்டின் முதல் வடிவம் தயாரானது. கையில் தாளோடு ஒரு கறுப்பு மனிதன் கதவு கதவாக ஓடினான். மூக்கு என்னுடையதேதான். அறையில் அண்ணையிடம் சொன்னேன்.

"எங்கடை சீவன் போறது அவைக்கு விளையாட்டோ? சரி, கேஸ் கடைசியிலை என்னெண்டு முடியுது?"

"முடியேல்லை அண்ணை. எப்பிடி முடிக்கிறதெண்டு அவருக்கும் தெரியேல்லையாம்."

"அப்ப ஆள் கெட்டிக்காரன்தான்."

கிளைத் தலைவரான ஜெர்மானியர் ஒருநாள் வெள்ளெனவே, ஆறு மணிக்கே வந்து அரைமணி நேரம் அதை விளையாடினார். நான் வாளியோடு வாசலில் நின்றேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இது அநியாயம்! எல்லாம் சரியாகச் செய்தாலும் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த மனிதன் இதைப் பொறுப்பான்?" என்று கத்தினார். பிறகு என்னைக் கண்டு, "படி இன்னும் ஈரமாக இருக்கிறது" என்றார்.

தலைமையகத்திலிருந்து திருத்தங்கள் வந்தன. மனிதன் கரடியானான். தாள் தேன்குடமாயிற்று. அதிகாரிகள் தேனீக்களானார்கள். முடிவில் ஓர் அரண்மனையும் வைத்தார்கள். விற்பனை அமோகம். என் ஜப்பானியரைத் துறைத் தலைவராக்கித் திருப்பி அழைத்தார்கள். செத்தவீட்டு முகத்தோடு செய்தியைச் சொன்னார்.

"இனி நான் வரையக் கூடாது. மற்றவர்கள் வரைவதைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும்."

எங்கள் ஊரிலும் நல்ல வாத்தியாரைப் பள்ளிக்கூட அதிபராக்கித்தான் கெடுப்பார்கள். வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு முன், ஒரு பெரிய கடையில் கரடியைக் கண்டேன். விளையாடிப் பார்க்க ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளோடு வரிசையில் நின்று என் முறைக்கு ஆடினேன். மூன்றாம் கதவில் தேனீ குத்தியது. பின்னால் நின்ற ஏழெட்டு வயது ஜெர்மன் சிறுமி பொறுமை இழந்து என் இடத்துக்கு வந்தாள். ஐந்து நிமிடத்தில் அரண்மனைக்குள் போய்விட்டாள்.

எப்படி என்று கேட்டேன்.

"நீங்கள் ஒவ்வொரு தேனீக்கும் நின்று வழி விடுகிறீர்கள்" என்றாள். "அப்படி நிற்கவே கூடாது."

எனக்கு வதிவிட அனுமதி கிடைக்க மேலும் நான்கு வருடங்கள் பிடித்தன.